மாரிகாலமும் பிள்ளையின் கணிதமும்: வன்னிக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

தரம் 1 முதல் தரம் 5 வரை படிக்கும் பிள்ளையோடு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களா? கொழும்பிலிருந்து வந்திருக்கலாம், தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பியிருக்கலாம், வெளிநாட்டு வாழ்க்கையை விட்டு வந்திருக்கலாம். இங்கேயே இருந்து, மூத்த பிள்ளையை இப்போதுதான் பள்ளிக்கு அனுப்பியவராகவும் இருக்கலாம். தமிழில் நல்ல கணிதப் பயிற்சி எங்கே கிடைக்கும், அதற்கு எந்தக் கடிதம் வேண்டும், எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதை எங்களுக்கு ஒருவரும் ஒரே இடத்தில் சொல்லவில்லை. அலைந்து அலைந்துதான் அறிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

செப்டெம்பர் முதல் டிசம்பர் வரையான மாதங்களைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் தவணை வழக்கமாக இந்த மாதங்களில் நடக்கிறது. மாரி மழையும் இதே மாதங்களில்தான் கொட்டுகிறது. வெள்ளம் வந்தால் பாடசாலை மூடப்படும். சில வேளைகளில் பாடசாலைக் கட்டடமே இடம்பெயர்ந்தவர்களின் தங்குமிடமாகிவிடும். மின்சாரம் போகும், தொலைபேசிச் சமிக்ஞை போகும். ஆண்டின் கடைசிப் பாடங்களையும் பரீட்சையையும் பிள்ளை இப்படிப்பட்ட நாட்களில்தான் எதிர்கொள்கிறது. ஆனால் வன்னியில் பிள்ளை கையால் தொட்டுச் செய்து கணக்குப் பழகுவதற்கு இதைவிட நல்ல காலமும் இல்லை. விதைப்பு, குளம், பனங்கொட்டை, விளக்கு, கோலம் எல்லாம் இந்த மாதங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடுகின்றன.

1. மழைக்கு முன் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

பாடநூல் கேட்டுப் போனாலும், நூலக அட்டைக்குப் போனாலும், பிள்ளையைப் புதிய பள்ளியில் சேர்க்கப் போனாலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் தாள்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், முன்பு படித்த பள்ளியின் விடுகைப் பத்திரம், கடைசித் தவணையின் தேர்ச்சி அறிக்கை, தாய் தந்தையின் அடையாள அட்டைப் பிரதிகள், கிராம அலுவலரின் வதிவிட உறுதிக் கடிதம், தடுப்பூசிப் பதிவுகள் உள்ள பிள்ளையின் சுகாதார ஏடு. எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து, மூலத்தைத் தனியாகவும் பிரதிகளைத் தனியாகவும் தண்ணீர் புகாத பிளாஸ்ரிக் உறையில் வையுங்கள். உறையை வீட்டில் உயரமான இடத்தில் வையுங்கள். வெள்ளத்தில் நனைந்த பிறப்புச் சான்றிதழுக்கு மறுபிரதி எடுக்க மீண்டும் பிரதேச செயலகத்துக்கு நடக்க வேண்டும்.

கிராம அலுவலர் வாரத்தின் எல்லா நாட்களிலும் அலுவலகத்தில் இருப்பதில்லை. வெளிக்களப் பணி எந்த நாள், அலுவலக நாள் எது என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள். மழை தொடங்கி வெள்ள நிவாரண வேலை வந்துவிட்டால் அவரைப் பிடிப்பது கடினம். ஆகவே கடிதத்தைச் செப்டெம்பரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே எழுத்துக் கூட்டிப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களில் தலைப்பெழுத்தும் தந்தை பெயரும் இடம் மாறி நிற்பதால் வரும் சிக்கல் மிகுதி.

2. முதலில் பாடநூலைக் கையில் எடுங்கள்

கடைக்குப் போய்ப் பயிற்சிப் புத்தகம் வாங்குவதற்கு முன், அரசு தரும் கணிதப் பாடநூல் பிள்ளையிடம் இருக்கிறதா என்று பாருங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிடும் பாடநூல்கள் அரச பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசம். இவை ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் தொகைக்கு ஏற்ப வருவதால், ஆண்டின் நடுவில் சேரும் பிள்ளைக்கு மேலதிகப் பிரதி இல்லை என்று சொல்லப்படலாம். முன்பு படித்த பள்ளியிலிருந்து விலகும்போதே, நூலைக் கொண்டுபோகலாமா, திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். இணையத்தில் அதே நூல் முழுமையாக இருக்கிறது.

திருப்பிக் கேட்கப்படும் நூலில் பிள்ளை பென்சிலால்கூட விடை எழுதக் கூடாது. வகுப்பாசிரியரிடம் ஒரு சொல் கேட்டுத் தெளிவு பெறுங்கள். எழுதக் கூடாது என்றால் சதுரக் கோட்டுக் கொப்பியில் செய்யட்டும். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குச் சதுரக் கொப்பிதான் நல்லது. ஒரு கட்டத்தில் ஓர் இலக்கம் என்று எழுதிப் பழகினால் ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து தானாக நிற்கும். கூட்டலில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இலக்கங்கள் வரிசை விலகுவதால் வருபவை.

அண்ணன், அக்காவின் பழைய நூல் வீட்டில் இருந்தால் உள்ளட்டையில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். பாடத்திட்டம் மாறிய தரத்துக்குப் பழைய நூல் மேலதிகப் பயிற்சிக்கு உதவும், பாட ஒழுங்குக்கு உதவாது.

3. இணையத்தில் காசில்லாமல் கிடைப்பவை

நான்கு இடங்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லாத் தரங்களின் பாடநூல்களும் தமிழில் இருக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தரம் வாரியாகப் பாடங்களும் பயிற்சிகளும் மூன்று மொழிகளிலும் உண்டு. தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகள் கிடைக்கும். பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் கடந்தகால வினாத்தாள்களைத் தேடலாம். அது புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் தரம் 5 பிள்ளையின் வீட்டாருக்கு வேண்டியது.

இவற்றில் பெற்றோர் அதிகம் கவனிக்காதது ஆசிரியர் வழிகாட்டி. எனக்கு எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது அதுதான். ஒரு பாடத்தை எந்தச் செயற்பாட்டோடு தொடங்க வேண்டும், பிள்ளை எதைச் செய்தால் அந்தத் தேர்ச்சியை அடைந்துவிட்டது என்று கொள்ளலாம் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியருக்காக எழுதப்பட்டது என்று தயங்க வேண்டாம். தாய்மொழியில் வாசிக்கத் தெரிந்த எவரும் அதைப் பார்த்து வீட்டில் செய்யலாம்.

பதிவிறக்கத்தை மழைக்கு முன் முடியுங்கள். நூல்களின் கோப்புகள் படங்களால் நிறைந்தவை. டேட்டாவை விரைவாகத் தின்றுவிடும். இரவு நேரத்துக்குத் தனி டேட்டா உள்ள பொதி உங்களிடம் இருந்தால் அப்போது இறக்குங்கள். தொலைபேசியில் ஒரு பிரதி, மெமரி காட்டில் ஒரு பிரதி. மின்சாரம் போன நாளில் தொலைபேசியின் கடைசி மின்னேற்றத்தைப் பாடநூல் பார்க்கச் செலவிட முடியாது. ஆகவே அவசியமான பக்கங்களைத் தாளில் எடுத்துவிடுவதே நல்லது.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘மூன்றாம் வகுப்பு கணக்கு’ என்று தேடினால் தமிழ்நாட்டுப் பாடங்கள்தான் முன்னால் வரும். அவையும் நல்லவைதான். ஆனால் இங்கே இடப்பெறுமானம், நிறை, முக்கோணி என்று படிக்கும் பிள்ளை அங்கே இடமதிப்பு, எடை, முக்கோணம் என்று பார்த்துத் தடுமாறும். தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு இதே தடுமாற்றம் மறுபக்கமாக வரும். ‘தரம் 3 கணிதம்’ என்று தேடுங்கள். இரண்டு சொற்களையும் ஒரு மட்டையில் அக்கம்பக்கமாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் சில வாரங்களில் பழகிவிடும்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பயிற்சித்தாள்கள் இன்னொரு வகை. கனடாவில் ஒக்டோபரில் இலை சிவந்து உதிரும், பூசணிக்காய் குவியும். அங்குள்ள சிறு வகுப்புகளுக்கு இலை எண்ணும் தாளும் பூசணி விதை எண்ணும் தாளும் அச்சிடுகிறார்கள். யோசனை மிக நல்ல யோசனை. தாளை அப்படியே அச்சிடாமல், யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் பணக் கணக்கு டொலரிலும் சதத்திலும் இருக்கும், மொழியும் ஆங்கிலம். பூசணி விதைக்குப் பதில் இங்கே பனங்கொட்டை இருக்கிறது.

4. அச்சுச் செலவை அடக்குங்கள்

போட்டோப்பிரதிக் கடைகளில் விலை ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. ஒரு பக்கத்துக்கும் இருபக்கத்துக்கும் தனித்தனி விலை கேளுங்கள். எண்ணிக்கை கூடினால் குறைப்பார்களா என்றும் கேளுங்கள். பாடசாலை தொடங்கும் வாரத்திலும் தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரத்திலும் போகாதீர்கள்; நெரிசலில் பக்கம் மாறியும் மங்கியும் வரும்.

தரம் 4, 5 பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்தை ஒரு தாளில் சுருக்கி எடுக்கலாம். தரம் 1, 2 பிள்ளைகளுக்குச் சுருக்க வேண்டாம். பெரிய எழுத்தும் எழுதப் போதிய இடமும் அவர்களுக்கு வேண்டும். வண்ணப் படங்கள் கறுப்பு வெள்ளையில் எடுக்கும்போது கரிந்து போகும். ‘சிவப்புப் பந்துகளை எண்ணுக’ போன்ற கேள்விகள் உள்ள பக்கங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பெருக்கல் வாய்பாடு, நூறு வரையான எண் கட்டம், மணிக்கூட்டு முகம் ஆகிய மூன்றையும் தடித்த மட்டையில் எடுத்து ஒளிபுகும் பிளாஸ்ரிக் உறைக்குள் போடுங்கள். உறையின் மேல் வெண்பலகைப் பேனாவால் எழுதித் துணியால் துடைத்தால் ஆண்டு முழுவதும் அதே தாள் போதும். நாங்கள் ஒரு தவணைக்குச் செலவிட்டதில் மிகவும் பயன்பட்ட செலவு அந்த உறைகள்.

தடித்த பயிற்சிப் புத்தகங்களைப் பற்றி: வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. வாங்குமுன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, விடைகளை நீங்களே சரிபாருங்கள். விடைப் பிழையோடு விற்கப்படும் புத்தகம் பிள்ளையின் நம்பிக்கையைக் கெடுத்துவிடும். சரியாகச் செய்த பிள்ளை தான் பிழை என்று எண்ணிக்கொள்ளும்.

5. நூலக அட்டை எடுங்கள்

பிரதேச சபைகளும் நகர நிர்வாகமும் நடத்தும் பொது நூலகங்களில் சிறுவர் பகுதி இருக்கும். அங்கத்துவப் படிவம், பெற்றோரின் அடையாள அட்டைப் பிரதி, வதிவிடக் கடிதம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஆகியவற்றோடு போனால் பெரும்பாலும் வேலை முடியும். சில இடங்களில் பிணையாளர் ஒருவரின் கையொப்பம் கேட்பார்கள். கட்டணம் சிறியது, சபைக்குச் சபை மாறும். முதல் நாளில் படிவத்தை மட்டும் வாங்கி வந்து, பிணையாளர் யார், அவரிடம் என்ன இருக்க வேண்டும் என்று வாசித்துவிட்டு நிரப்புங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் முறையும் வீணாகத் திரும்ப நேரும். மழைக்காலத்தில் நூலை இரவல் எடுத்தால் பையில் போடுமுன் பிளாஸ்ரிக் உறையில் போடுங்கள். நனைந்த நூலுக்குத் தண்டம் உண்டு.

6. எண்ணும் பெட்டி

ஒரு பிஸ்கட் பேணி போதும். அதற்குள் நூறு ஈர்க்கு (ஒரே நீளமாக வெட்டியது), ஒரு கைப்பிடி றப்பர் வளையம், ஐம்பது புளியங்கொட்டை, ஓர் அடிமட்டம், ஒரு வெண்கட்டித் துண்டு, தாயக்கட்டை அல்லது சோழி. செலவு ஏறக்குறைய இல்லை.

பத்து ஈர்க்கை எண்ணி, வளையம் போட்டுக் கட்டுவது பிள்ளையின் வேலை. நீங்கள் கட்டிக் கொடுக்க வேண்டாம். தானே கட்டிய கட்டை அவிழ்த்தால்தான் ‘பத்தைக் கடன் வாங்குதல்’ என்ன என்று விளங்கும். 42 இலிருந்து 17 ஐக் கழிக்கச் சொல்லுங்கள். நான்கு கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் முன்னால் இருக்கும். ஏழு ஈர்க்கு எடுக்க இரண்டுதான் இருக்கிறது. பிள்ளை சற்று நேரம் உங்களைப் பார்க்கும், பிறகு கட்டுகளைப் பார்க்கும், பிறகு ஒரு வளையத்தைக் கழற்றும். அந்த இடத்தில் வாய் திறக்காமல் இருங்கள். வளையத்தைக் கழற்றியவுடன் பன்னிரண்டு ஈர்க்கு முன்னால் கிடக்கும். மீதியைப் பிள்ளையே செய்துவிடும். இதைச் சில நாட்கள் செய்த பிறகு தாளில் எழுதச் சொன்னால் போதும்.

பெட்டிக்குள் குன்றிமணி போடாதீர்கள். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருப்பதால் பிள்ளைகள் பொறுக்கி வருவார்கள், அது நஞ்சு. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் புளியங்கொட்டையும் தரையில் சிதறக் கூடாது, தொண்டையில் சிக்கும். எண்ணச் சேர்த்த சிரட்டைகளை வெளியே விடாதீர்கள். மழைநீர் நின்றால் டெங்கு நுளம்பு பெருகும்.

7. வெளியே போகுமுன் இதை வாசியுங்கள்

வன்னிக்குப் புதியவர்களுக்கு இது கட்டாயம். விதை பொறுக்கவோ இலை சேர்க்கவோ பிள்ளைகளைப் பற்றைக்காட்டுக்குள்ளும் கைவிடப்பட்ட காணிக்குள்ளும் அனுப்ப வேண்டாம். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்பு மிதிவெடிப் பலகை உள்ள எல்லைக்குள் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. வெள்ளம் மண்ணைக் கரைத்துப் புதைந்து கிடந்ததை வெளியே கொண்டுவரும். அறியாத உலோகப் பொருள் எதைக் கண்டாலும் தொடாமல், எறியாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவரிடம் சொல்லப் பிள்ளைக்குப் பழக்குங்கள். நீங்கள் பொலிசுக்கு 119 இலோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

கட்டில்லாத கிணறும் வான் பாயும் (நிரம்பி வழியும்) குளமும் பெரியவர் கையைப் பிடிக்காமல் போகும் இடங்கள் அல்ல. காலில் வெட்டோ புண்ணோ இருந்தால் வயல் சேற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117, அவசர அம்புலன்ஸ் 1990. இரண்டையும் பிள்ளைக்கு மனப்பாடம் செய்வியுங்கள்.

8. மாதம் பார்த்துச் செய்யுங்கள்

புரட்டாதி. பனம்பழக் காலம் முடிகிற நேரம். பழத்தைப் பிசைந்து களி எடுத்த பின் கொட்டைகளை எறியாதீர்கள். ஒரு பழத்தில் மூன்று கொட்டை இருக்கும், சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் ஒன்று. பிள்ளையிடம் மூன்று நிரல் போட்ட தாளைக் கொடுத்து, ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு கோடு இடச் சொல்லுங்கள். எந்த வகை கூட? எவ்வளவு கூட? தரவு திரட்டலும் அட்டவணையும் இப்படித்தான் தொடங்க வேண்டும்.

பிறகு பாத்தி. மணற்பாங்கான மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கி உயர்த்தி, கொட்டைகளை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். ஒரு வரிசையில் எட்டு, அப்படி ஆறு வரிசை. ஒவ்வொன்றாக எண்ணாமல் மொத்தம் சொல்ல முடியுமா? தரம் 2 பிள்ளை எட்டு எட்டாகக் கூட்டும், தரம் 3 பிள்ளை பெருக்கும். பாத்தியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஆறு ஆறாக எட்டு வரிசை. மொத்தம் அதே 48. 6 × 8 உம் 8 × 6 உம் ஒன்று என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, பிள்ளை பாத்தியைச் சுற்றி நடந்தால் போதும். மண் போட்டு மூடி, திகதியைக் கொப்பியில் எழுதிவையுங்கள். மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு. கிண்டும் நாளில் எத்தனை கிழங்கு விழுந்தது, எத்தனை முளைக்கவில்லை என்ற கழித்தல் கணக்கு காத்திருக்கிறது.

நவராத்திரி ஒன்பது நாள், தேவிக்கு மூன்று நாளாக மூன்று தேவியர். சரஸ்வதி பூசை அவலையும் கடலையையும் பிள்ளையே பங்கிடட்டும். ஏழு பேருக்கு ஒவ்வொருவருக்கும் மூன்று கரண்டி. மிஞ்சியதை எப்படிப் பிரிப்பது என்பதில் மீதியோடு வகுத்தல் வந்துவிடும்.

ஐப்பசி. காலபோக விதைப்பு. வயலுள்ள வீடானால் விதைநெல் கணக்கைப் பிள்ளையிடம் கேளுங்கள். ஏக்கருக்கு இரண்டு புசல் என்றால் மூன்றரை ஏக்கருக்கு எத்தனை? அரையின் கணக்கைத் தகப்பனாரோ பேரனாரோ வரப்பில் நின்று கேட்டால் பிள்ளை மறக்காது. வயலில்லாத வீட்டில் சமையலறை இருக்கிறது. ஒரு சுண்டு (அரிசி அளக்கும் பேணி) அரிசி எத்தனை கிராம் என்று கடைத் தராசில் நிறுத்துப் பார்த்து வந்து, நான்கு சுண்டு எவ்வளவு என்று கேளுங்கள்.

கேதார கௌரி விரதம் 21 நாள். கலண்டரில் நாளுக்கொரு பொட்டு வைத்து, ‘இன்னும் எத்தனை நாள்’ என்று காலையில் ஒரு கேள்வி போதும். தரம் 1 பிள்ளைக்கு அதுவே கழித்தல் பயிற்சி.

மழை தொடங்கியதும் மழைமானி. ஜாம் போத்தல் போன்ற நேர்ச்சுவர் உள்ள, வாயும் அடியும் ஒரே அகலமான பாத்திரம் வேண்டும். இடையில் ஒடுங்கும் சோடாப் போத்தல் உதவாது. மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், சாயாமல் செங்கற்களுக்கு நடுவே நிறுத்துங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் நாளின் மழையைக் காலை 8.30 இலிருந்து மறுநாள் 8.30 வரை கணக்கிடுகிறது. பள்ளி நாட்களில் புறப்படுமுன் ஒரே நேரமாக அடிமட்டத்தால் அளந்து, மில்லிமீற்றரில் எழுதி, தண்ணீரை ஊற்றிவிடுங்கள். ஊற்றாமல் விட்டால் கணக்கும் பிழைக்கும், நுளம்பும் வரும். ஒரு மாதத்தில் அழகான சலாகை வரைபு கிடைக்கும்.

தரம் 5 பிள்ளைக்கு இதிலிருந்து ஒரு நல்ல கணக்கு. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். உங்கள் கூரை 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம் என்றால் 60 சதுர மீற்றர். 20 மில்லிமீற்றர் மழைக்கு 1200 லீற்றர். பீலி போட்டு நிரப்பும் தாங்கி ஆயிரம் லீற்றர்தான் பிடிக்கும் என்றால் எவ்வளவு வழியும்? எங்கள் வீட்டில் இந்தக் கணக்கைச் செய்த பிள்ளை அன்று மாலையே நாடாவோடு கூரையை அளக்கப் புறப்பட்டுவிட்டது.

கார்த்திகை. குளங்கள் நிரம்பும் மாதம். செய்திகளில் நீர்மட்டம் அடியிலும் அங்குலத்திலும் வரும். இரணைமடு 36 அடியில் நிரம்பும். இன்று 31 அடி 6 அங்குலம் என்றால் இன்னும் எவ்வளவு? பன்னிரண்டு அங்குலம் ஓரடி என்பதால் ‘பத்தைக் கடன் வாங்கும்’ பழக்கம் இங்கே செல்லாது. பன்னிரண்டை உடைக்க வேண்டும். மணித்தியாலம், நிமிடக் கணக்குக்கும் இது நல்ல தயார்ப்படுத்தல். உங்கள் ஊர்க் குளத்தின் முழு மட்டத்தை அறிந்து, நாளாந்தம் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

கார்த்திகை விளக்கீட்டன்று வாசலில் சிட்டிகளை அடுக்குவதில் சமச்சீர் பழகலாம். நடுவில் ஒன்று, இருபுறமும் ஒரே எண்ணிக்கை. மொத்தம் ஏன் எப்போதும் ஒற்றை எண்? கத்தோலிக்க வீடுகளில் திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளும் நான்கு மெழுகுதிரிகளும் இதே வேலையைச் செய்யும். மெழுகுதிரி ஒவ்வொரு வாரமும் எத்தனை சென்ரிமீற்றர் குறைகிறது என்று அளக்கலாம்.

மார்கழி. புள்ளிக் கோலம். ஈரத்தில் முற்றத்தில் போட முடியாவிட்டால் சதுரக் கொப்பியில் போடுங்கள். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று புள்ளி வைத்தால் மொத்தம் 25. முதல் நான்கு வரிசை மட்டும் 16. ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டினால் 1, 4, 9, 16 என்று வருவதைப் பிள்ளை கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

வெளியே போக முடியாத அடைமழை நாளுக்குத் தாயம், கொக்கான், நாயும் புலியும். கொக்கானில் ஐந்து கல்லில் இரண்டு கையில் இருந்தால் தரையில் எத்தனை என்று கேட்டுக்கொண்டே விளையாடினால் சிறு பிள்ளைக்கு ஐந்தின் சேர்க்கைகள் விரல் மடக்காமல் வரும். சந்தைக்குப் போகும் நாளில் ஒரு கேள்வி போதும்: கிலோ 320 ரூபாய் என்றால் கால் கிலோ எவ்வளவு?

9. நேரம்

நாளுக்கு இருபது நிமிடம். தரம் 1, 2 க்கு பத்தும் போதும். வாரத்தில் நான்கு நாள் கையால் செய்யும் வேலை, இரண்டு நாள் தாள், ஒரு நாள் ஒன்றும் வேண்டாம். மாலை விளக்கு வைக்குமுன் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் இரவு மின்சாரத்தை நம்ப முடியாது. பள்ளி மூடிய வெள்ள நாட்களில் மூன்று மணிநேரம் உட்கார வைத்து ஈடுகட்ட முயலாதீர்கள். பிள்ளைக்கும் வெள்ளம் பயமாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைக்குக் கணக்கு தெரிந்திருக்கும், தமிழ் எண் பெயர் தெரியாது. எழுபதும் எண்பதும் தொண்ணூறும் குழம்பும். பஸ் டிக்கெட்டின் இலக்கம், ஏ9 வீதியோரக் கிலோமீற்றர் கல், கடை விலைப்பட்டியல் எதைக் கண்டாலும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். இது ஒரு தவணை வேலை. அதுவரை ‘பிள்ளை கணக்கில் மோசம்’ என்று எவர் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

10. தரம் 5 வீட்டாருக்கு

புலமைப்பரிசில் பரீட்சையில் இரண்டு வினாத்தாள். மொத்தம் 200 புள்ளி. பரீட்சை நடக்கும் மாதம் அண்மைய ஆண்டுகளில் மாறி மாறி வந்திருப்பதால், பாடசாலை தரும் அறிவித்தலை மட்டும் நம்புங்கள். கடந்தகால வினாத்தாள்களைத் தரம் 4 இல் கொடுக்க வேண்டாம். படிக்காத பாடத்தில் வரும் பூச்சியம் பிள்ளையைத் துவளச் செய்யும். நேரம் வைத்துச் செய்வதைக் கடைசி மாதங்களில் தொடங்கினால் போதும். பிள்ளை பிழைவிட்ட கேள்வியை அடுத்த நாள் ஈர்க்கோடும் சுண்டோடும் செய்து காட்டுங்கள். பத்து வினாத்தாளை வேகமாகத் தள்ளுவதைவிட ஒரு வினாத்தாளைப் பிழை திருத்தி முடிப்பது பயன் தரும்.

11. பிள்ளை பின்தங்கினால்

முதலில் கண்ணையும் காதையும் பாருங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1 இலும் 4 இலும் நடக்கும். அன்று பிள்ளை வராமல் விட்டிருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். அரச வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவில் காசில்லை. பலகையில் உள்ள 3 ஐ 8 என்று எழுதிவரும் பிள்ளைக்கு வேண்டியது பயிற்சித்தாள் அல்ல, கண்ணாடி.

அடுத்து வகுப்பாசிரியர். பிள்ளை எந்த அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை (கட்டாயம் அடைய வேண்டிய அடிப்படைத் திறன்களை) அடையவில்லை என்று கேளுங்கள். ‘கணக்கில் பலவீனம்’ என்ற பொதுவான விடையோடு திரும்ப வேண்டாம். கழித்தலா, இடப்பெறுமானமா, வாசித்து விளங்குவதா என்று பிரித்துச் சொல்லும்படி மரியாதையாகக் கேளுங்கள். அவரால் முடியாவிட்டால் அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்தின் ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகரையோ, தேவையானால் விசேட கல்விக்குப் பொறுப்பானவரையோ சந்திக்கலாம். கிளிநொச்சி வடக்கு, கிளிநொச்சி தெற்கு, முல்லைத்தீவு, துணுக்காய், வவுனியா தெற்கு, வவுனியா வடக்கு, மன்னார், மடு என வலயங்கள் பிரிந்திருக்கின்றன. உங்கள் பாடசாலை எந்த வலயத்தில் என்பதை அதிபர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வீடு ஒரு வலயத்திலும் பள்ளி இன்னொன்றிலும் இருப்பதுண்டு.

இந்தச் சந்திப்பை நவம்பர் நடுப்பகுதிக்குள் முடியுங்கள். அதன் பின் தவணைப் பரீட்சை, திருத்தல், விடுமுறை என்று எவருக்கும் நேரம் இருக்காது. போகும்போது தேர்ச்சி அறிக்கையோடு, பிள்ளை வீட்டில் செய்த சதுரக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். அழித்துத் திருத்திய பக்கங்களைக் கிழிக்காமல் அப்படியே கொடுங்கள். எங்கே தடக்குகிறது என்பதை ஆலோசகர் அந்தப் பக்கங்களில்தான் பார்ப்பார்.